முதல் ரெண்டு கியரிலும் பின்டயர் சும்மா சுத்துது: எதை முதல்ல மாத்தணும்?

#1 பின்தள்ளி

கார் விவரம்: பின்சக்கர இயக்கம், முன்னால் டர்போ இன்ஜின், 600 நியூட்டன் மீட்டர் டார்க், ஆறு கியர் மேனுவல். எடை 1,700 கிலோ, அதில் 47 சதவீதம் பின் ஆக்சிலில். வீல்பேஸ் 2.72 மீட்டர். பின்னால் மல்டிலிங்க் சஸ்பென்ஷன், 30 மி.மீ. இறக்கிய ஸ்பிரிங், 9.5 இன்ச் ரிம்மில் 275/40 ஆர்18 டயர், காற்று 32 பி.எஸ்.ஐ. கம்பெனியில் வந்த கிளட்ச் எல்.எஸ்.டி. (ஒரு சக்கரம் மட்டும் தனியா சுத்தாம ரெண்டுக்கும் விசையைப் பிரிக்கிற டிஃபரென்ஷியல்) அப்படியே இருக்கு.

காய்ந்த ரோட்டில் முதல் கியர் மொத்தமும் வீண். ரெண்டாவதில் பூஸ்ட் (டர்போ அழுத்தம்) ஏறினதும் வழுக்குது. சில தடவை பின்னாலிருந்து தடதடன்னு அடி விழுது. அகல டயர், காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்), எல்.எஸ்.டி., ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளுற வளையம்)னு ஆளுக்கொரு பொருள் சொல்றாங்க. எந்த வரிசையில் போகலாம்?

#2 ஸ்பேனர்14

பொருள் வாங்குவதை நிறுத்திவிட்டு முதலில் எப்படிச் சுழல்கிறது என்று பாருங்கள். “டயர் சுத்துது” என்று ஒரே வாயில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

ரெண்டு டயரும் சேர்ந்து, வண்டி ஆடாமல் சுழன்றால் டார்க் அதிகம், பிடி குறைவு. டயர், டார்க் கட்டுப்பாடு, எடை இவற்றில்தான் மருந்து. ஒரு டயர் மட்டும் சுழன்றால் எல்.எஸ்.டி. தேய்ந்துவிட்டது, அல்லது ஒரு பக்கம் பாரம் குறைகிறது. தடதடவென்று குதித்தால் புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர்), மவுண்ட் (இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியலைத் தாங்கும் ரப்பர்), கோணம். இந்த மூன்றாவதுக்கு நல்ல டயர் போட்டால் நோய் கூடும். பிடி கூடக் கூட ஆக்சில் ஷாஃப்ட் முறுக்கிக்கொள்வதும் கூடும். சுழலுகிற டயர் ஷாஃப்டை உடைக்காது. பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கிற டயர்தான் உடைக்கும்.

மூடிய டிராக்கில், இன்னொருவர் பின்னாலிருந்து மொபைலில் ஸ்லோமோஷனில் படம் எடுக்கட்டும். டயர் பக்கச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. எந்தப் பக்கம் முதலில் விடுகிறது, குதிக்கிறதா வழுக்குகிறதா என்பது ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். குதிப்பு வந்த நொடியில் காலை எடுத்துவிடுங்கள், ‘கொஞ்சம் மிதித்தால் சரியாகிவிடும்’ என்று அதற்குள் நிற்க வேண்டாம்.

#3 கணக்குப்பிள்ளை

எவ்வளவு பிடி இருக்கு, எவ்வளவு கேட்கிறோம் என்று தெரியாமல் பேசினால் நாள் முழுக்கப் பேசலாம். நீங்கள் கொடுக்காததை அனுமானிக்கிறேன்: முதல் கியர் 3.6, ரெண்டு 2.2, மூன்று 1.5, ஃபைனல் டிரைவ் (டிஃபரென்ஷியலின் கியர் விகிதம்) 3.55. வழியில் 12 சதவீதம் இழப்பு, டயர் ஆரம் 0.34 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.52 மீட்டர்.

டயர் ரோட்டைத் தள்ளும் விசை:
முதல் கியர்: 600 × 3.6 × 3.55 × 0.88 ÷ 0.34 = சுமார் 19,850 நியூட்டன்.
ரெண்டாவது: 12,130.
மூன்றாவது: 8,270.

இப்போது பிடி. வண்டி முன்னேறும்போது முன்பக்க பாரம் பின்னுக்கு நகர்கிறது. எவ்வளவு என்பதை மைய உயரம் ÷ வீல்பேஸ் தீர்மானிக்கிறது; இங்கே 0.191. நல்ல கோடை டயரின் உராய்வு எண்ணை 1.0 என்று வைத்தால் அதிகபட்ச முடுக்கம் 0.47 ÷ (1 − 0.191) = 0.58 ஜி. விசையில் சொன்னால் 9,690 நியூட்டன். அந்த நேரம் பின் ஆக்சிலில் கிட்டத்தட்ட 990 கிலோ.

ஆக முதல் கியரில் பிடி தாங்குவதைப் போல இரண்டு மடங்கு கொடுக்கிறீர்கள். ரெண்டாவதில் கால் பங்கு அதிகம். மூன்றாவதில் நிற்கிறது. நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே வருகிறது பாருங்கள்.

உராய்வு எண் 0.9 ஆனால் (குளிர்ந்த ரோடு, பழைய டயர்) பிடி 8,520தான், மூன்றாவது கியரே விளிம்பில். ஈரத்தில் 0.6 என்றால் 5,310. அப்போது நான்காவது கியரிலும் காலைப் பார்த்து வைக்கணும். டிராக் ரேடியல் (நேர்க்கோட்டு ‘டிராக்’ பந்தயத்துக்கான மென்மையான டயர்) மாதிரி 1.3 கிடைத்தால் 13,560. ரெண்டாவது கியர் முழு டார்க்கும் தாங்கும். முதல் கியர் அப்போதும் தாங்காது.

எந்தப் பொருள் வாங்கினாலும் முதல் கியரில் 600 முழுசாக இறங்காது. இதை ஒத்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம்.

#4 பின்தள்ளி

கியர் விகிதம் கிட்டத்தட்ட அதேதான். அப்போ அகல டயர் போட்டா பரப்பு கூடும், பிடி கூடும். 275-லிருந்து 305 போனா?

#5 ஸ்பேனர்14

பரப்பை அகலம் தீர்மானிப்பதில்லை, காற்று தீர்மானிக்கிறது. ஒரு பின்டயரில் 495 கிலோ நிற்கிறது என்று வையுங்கள். 32 பி.எஸ்.ஐ. காற்றில் தரையில் படுகிற பரப்பு தோராயமாக 220 சதுர செ.மீ. டிரெட் (தரையில் படுகிற ரப்பர் பட்டை) 24 செ.மீ. அகலம் என்றால் நீளவாக்கில் 9 செ.மீ. சொச்சம், அவ்வளவுதான். காற்றை 26-க்கு இறக்கினால் 270 சதுர செ.மீ., நீளம் 11 செ.மீ.க்கு மேல். (டயரின் சொந்த விறைப்பால் நிஜத்தில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே கூடும்.) அகல டயர் அதே பரப்பைக் குட்டையாகவும் அகலமாகவும் விரிக்கிறது. சூடு தாங்கும், வளைவில் உதவும், காற்றைக் குறைக்க இடம் கொடுக்கும். ஆனால் அதே ரப்பரில் 30 மி.மீ. அகலம் கூட்டி நேர்க்கோட்டுப் புறப்பாட்டில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

ரப்பர் கலவைதான் பெரிய விஷயம். டயர் பக்கச்சுவரில் டிரெட்வேர் எண் இருக்கும். 400, 500 என்றால் நெடுநாள் உழைக்கிற கடின ரப்பர். 300 சுமாரான கோடை டயர். 200 டிராக் ஓட்டத்துக்கான தெரு டயர். 100-க்குக் கீழே டிராக் ரேடியல் வகை. கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்ணை நேராக ஒப்பிட முடியாது, ஆனால் ஒரே கம்பெனிக்குள் நம்பலாம். பக்கத்திலேயே டி.ஓ.டி. குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஐந்தாறு வருடம் போன டயரில் பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி மீள வேண்டும். பிளாஸ்டிக் மாதிரி வழுக்கினால் அதுதான் பதில்.

அளவு மாற்றினால் விட்டத்தைக் கணக்கிடுங்கள். 275/40 ஆர்18 என்பது 677 மி.மீ. 305/35 ஆர்18 என்றால் 671, ஒரு சதவீதம் குறைவு, பரவாயில்லை. 295/35 ஆர்18 என்றால் 664, இரண்டு சதவீதம். முன்டயர் அப்படியே இருக்க பின்டயர் சிறுத்தால் அது எப்போதும் கொஞ்சம் வேகமாகச் சுழலும். ஈ.எஸ்.பி. (வழுக்கலைத் தடுக்கிற மின்னணு அமைப்பு) அதை வழுக்கல் என்று எண்ணித் தேவையில்லாமல் டார்க்கை வெட்டும். 305-க்கு ரிம்மும் 10 இன்ச்சுக்குக் குறையக்கூடாது, 9.5-இல் திணித்தால் டிரெட் நடுவில் உப்பி ஓரம் தூக்கிக்கொள்ளும்.

ஸ்பேசர் பற்றி: இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம் மாறும், பேரிங்குக்குப் பாரம் கூடும், நேர்க்கோட்டுப் பிடி மாறாது. அவ்வளவே.

#6 லைவ்ஆக்சில்

காற்றைப் பத்தி ஒரு எச்சரிக்கை. 26ன்னு படிச்சுட்டு எல்லாரும் எல்லா டயரிலும் 26 வெச்சிடாதீங்க. கோடை டயர்ல பக்கச்சுவர் விறைப்பா இருக்கும். ரொம்ப இறக்கினா டிரெட் நடு மேல மடங்கி ரெண்டு ஓரம் மட்டும் உழைக்கும், பிடி கூடுறதுக்குப் பதிலா குறையும். நீளப் பயணம், முழுப் பாரம், அதிக வேகம்னா கதவோர ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்குக் கீழ போகவே கூடாது. உள்ளே சூடேறி டயர் பிரிஞ்சிடும்.

சாக்பீஸ் வேலை இங்கேயும் உண்டு. டிரெட்டுக்குக் குறுக்கே இந்த ஓரத்திலேருந்து அந்த ஓரம் வரை தடிமனா ஒரு பட்டை போடுங்க. பத்து மீட்டர் நேரா உருட்டிட்டு இறங்கிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சிருந்தா காற்று அதிகம். ஓரம் மட்டும் அழிஞ்சிருந்தா குறைவு. உள் ஓரம் மட்டும் அழிஞ்சிருந்தா காற்றே காரணமில்ல, கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயுற கோணம்). 2 பி.எஸ்.ஐ. வீதம் இறக்கி, பட்டை சீரா அழியற இடத்துல நிறுத்துங்க. அளக்கும்போது டயர் குளிர்ந்திருக்கணும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினா காற்று ரெண்டு பி.எஸ்.ஐ. கிட்ட ஏறிடும், காலையில அளந்தது மத்தியானம் பொய்யாயிடும்.

டிராக் ரேடியல்னா கதை வேற. பக்கச்சுவர் மெத்துன்னு இருக்கும், டிராக்கில் 16-20, ரோட்டில் 26-28. உயரம் கம்மியான 18, 19 இன்ச் டயர்னா டிராக்கிலும் அந்த மேல்பக்கத்திலேயே நில்லுங்க. ரிம்முக்கும் டயருக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுவைங்க. ஓட்டத்துக்கு அப்புறம் கோடு ரெண்டா விலகியிருந்தா டயர் ரிம்முலேயே வழுக்குது, காற்று போதல. பேலன்ஸும் போயிருக்கும். தேங்கின தண்ணியில இந்த டயர் மிதக்கும். மழைக்கு வேற செட் சக்கரம் இல்லாதவங்க இதை அன்றாட வண்டியில போடவேண்டாம்.

#7 ஈசியூபித்தன்

3-ஆம் பதிவின் கணக்கே டியூனிங்குக்கு வரைபடம். உராய்வு எண் 1.0 டயருக்கு முதல் கியரில் 49 சதவீதம், அதாவது 295 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போதும். ரெண்டாவதில் 80 சதவீதம், 480. மூன்றாவதிலிருந்து முழுசு. கியருக்கு ஏற்ற டார்க் எல்லை வைக்கிற வசதி இப்போதைய ஈ.சி.யு. (இன்ஜின் கணினி) பலவற்றில் இருக்கிறது. “காசு போட்டு ஏத்தின டார்க்கை நானே குறைக்கணுமா” என்று எல்லாரும் முகம் சுளிப்பார்கள். இறங்காத டார்க் உங்களுடையதே இல்லை.

மூன்று வழி இருக்கிறது. பூஸ்ட்டைக் குறைப்பது சுத்தமான வழி, ஆனால் வேஸ்ட்கேட் (டர்போ அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு) ஸ்பிரிங் எவ்வளவு அழுத்தத்துக்கோ அதற்குக் கீழே மென்பொருள் இறக்க முடியாது. 0.8 பார் ஸ்பிரிங் வைத்துக்கொண்டு முதல் கியருக்கு 0.4 பார் கேட்டால் கிடைக்காது. த்ராட்டில் தட்டை மூடுவது எந்த அளவுக்கும் இறங்கும், ஆனால் தட்டுக்கு முன்னால் அழுத்தம் தேங்கும், அதை வெளியேற்றுகிற டைவர்ட்டர் வால்வு நல்ல நிலையில் இருக்கணும். இக்னிஷனைப் பின்தள்ளுவது மிக வேகம், ஒரு நொடியில் பல தடவை திருத்தலாம். விலையாக எக்ஸாஸ்ட் சூடு ஏறும். அதை வழுக்கலைப் பிடிக்கிற சின்னத் திருத்தத்துக்கு மட்டும் வையுங்கள். முழு ரன்னுக்கும் அதையே நம்பினால் டர்போவும் கேட்டலிட்டிக்கும் வேகும்.

உச்ச எண்ணைவிட ஏறும் சரிவு முக்கியம். 2,500-இலிருந்து 3,200 சுற்றுக்குள் 250-இலிருந்து 600-க்கு எகிறுகிற டார்க், பிடித்துக்கொண்டிருக்கிற டயரையும் பிடுங்கிவிடும். அதே 600-ஐ 4,200-இல் வருகிற மாதிரி சாய்த்தால் டயர் அசையாது.

முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் பதிவு செய்து பாருங்கள். பின்சக்கரம் 10-15 சதவீதம் முந்திச் சுழலும்போதுதான் பெரும்பாலான டயருக்கு உச்சப் பிடி. பூஜ்யம் வழுக்கல் என்றால் இன்னும் கொடுக்க இடமிருக்கிறது. 30 தாண்டினால் புகைதான்.

#8 கணக்குப்பிள்ளை

இதோடு ஒரு சின்ன இணைப்பு. 4,500 சுற்றில் நிறுத்தி கிளட்சைப் பட்டென்று விட்டால் 600 என்ற எண்ணுக்கே அர்த்தமில்லை. ஃப்ளைவீலில் சேர்ந்த சுழற்சி எல்லாம் அந்த நொடியில் கூட வந்து விழும். குறைந்த சுற்றில் வழுக்கவிட்டுப் பிடிப்பதே இந்த வண்டிக்குத் தகும்.

ஃபைனல் டிரைவை 3.55-லிருந்து 3.15-க்கு நீட்டினாலும் எல்லா கியரிலும் விசை 11 சதவீதம் குறையும். ரெண்டாவது கியர் 10,760-க்கு வந்துவிடும். கொஞ்சம் நல்ல டயர் போட்டால் பிடிக்கும். டார்க் அதிகமான வண்டிக்கு குட்டை ஃபைனல் டிரைவ் போடச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

#9 டிஃப்தாத்தா

எல்.எஸ்.டி. இருக்கு என்பதால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. கிளட்ச் வகை தேயும். சோதனை இது: சமதளத்தில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவிக்கவும். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். தூக்கிய பக்கத்து ஹப்பில் டார்க் ரெஞ்ச் பொருத்தி மெதுவாகத் திருப்பி, எந்த அளவில் நகரத் தொடங்குகிறது என்று பாருங்கள். சர்வீஸ் புத்தகத்தில் குறைந்தபட்ச அளவு இருக்கும். கையாலேயே சுலபமாகச் சுற்றினால் தட்டுகள் முடிந்தன.

இந்தச் சோதனை கிளட்ச் வகைக்கு மட்டும். டார்சன் மாதிரி ஹெலிக்கல் கியர் வகை தூக்கிய நிலையில் லேசாகச் சுற்றும், அது கெட்டதல்ல. அது பிடி உள்ள சக்கரத்துக்கு மற்றதைப் போல இத்தனை மடங்கு என்று பெருக்கிக் கொடுக்கிறது. ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம். தேயாது, சத்தமில்லை, ரோட்டுக்கு அருமை. நேர்க்கோட்டில் முழு மிதிக்கு கிளட்ச் வகையே என் தேர்வு.

தட்டு மாற்றினால் புத்தகத்தில் சொன்ன கிரேடு கியர் ஆயில் ஊற்றி, காலி இடத்தில் மெதுவாக எட்டுப் போட்டுத் தட்டுகளைப் பழக்குங்கள். பிறகு அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதுசு. திரும்பும்போது கடகடவென்று வந்தால் ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவும். புட்டி முழுக்க ஒரே தடவையில் கவிழ்த்தால் சத்தம் போகும், கூடவே பிடியும் போகும். சத்தமே இல்லாத கிளட்ச் எல்.எஸ்.டி.யைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

#10 பின்தள்ளி

படம் எடுத்துப் பார்த்தாச்சு. ரெண்டு டயரும் சேர்ந்தே விடுது, அதனால் எல்.எஸ்.டி. உயிரோட இருக்கு. ஆனா ரெண்டாவது கியர்ல சக்கரம் முன்னும் பின்னுமா அடிச்சுக்குது, மேல கீழ குதிக்கிறதைவிட அதிகமா. சாக்பீஸ் பட்டை உள் ஓரத்துல அழியுது.

#11 ஸ்பேனர்14

ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: இறக்கிய ஸ்பிரிங். மல்டிலிங்கில் வண்டி இறங்க இறங்க நெகடிவ் கேம்பர் கூடும். புறப்படும்போது பின்பக்கம் இன்னும் உட்காரும், இன்னும் கூடும், கடைசியில் டயரின் உள் பாதியில் மட்டும் நிற்கிறீர்கள். அட்ஜஸ்ட் செய்யக்கூடிய கேம்பர் ஆர்ம் போட்டு மைனஸ் 1 டிகிரி அருகே கொண்டுவாருங்கள், மைனஸ் 1.5 தாண்ட வேண்டாம். டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பி நிற்கிற கோணம்) லேசாக உள்நோக்கி, இரு பக்கமும் சேர்த்து 0.2 டிகிரி அளவில். வெளிநோக்கிப் போனால் வண்டி நேராகவே நிற்காது.

முன்னும் பின்னும் அடிப்பதற்குக் காரணம் புஷ். டயர் ரோட்டைப் பிடிக்கிறது, கீழ் ஆர்ம் புஷ் நசுங்குகிறது, சக்கரம் முன்னால் நகர்கிறது, பிடி விடுகிறது, புஷ் பின்னால் உதைக்கிறது, மறுபடி பிடிக்கிறது. நொடிக்குப் பல தடவை இப்படி. ஸ்டாண்டில் தூக்கி, ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) நடுவே நெம்புகோல் கொடுத்து நெம்பிப் பாருங்கள். ரப்பரில் வெடிப்பு, எண்ணெய்க் கசிவு, 3-4 மி.மீ. ஆட்டம் எது தெரிந்தாலும் மாற்றம்தான்.

முதலில் சப்ஃபிரேம் புஷ்ஷின் இடைவெளியை அடைக்கிற இன்செர்ட். விலை குறைவு, சப்ஃபிரேமை இறக்காமலே போடலாம், பாதிக் குதிப்பு அதிலேயே போகும். அடுத்து கீழ் பின் ஆர்மின் புஷ்ஷைக் கடினமாக்குங்கள். டிஃபரென்ஷியல் மவுண்ட் கடைசியில். அதை யூரித்தேன் ஆக்கினால் கியர் முனகல் சீட்டுக்கே வரும். கிழிந்த இன்ஜின் மவுண்டும் கியர்பாக்ஸ் மவுண்டும் இதே ஆட்டத்தைக் கிளப்பும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் மீறியும் வந்தால் மீதிக் காரணம் ரெண்டு ஆக்சில் ஷாஃப்டும் ஒரே தாளத்தில் முறுக்கிக்கொள்வது. 2009 கேடிலாக் சி.டி.எஸ்.-வி-யில் இடமும் வலமும் வேறு வேறு தடிமனில் ஷாஃப்ட் போட்டது அந்தத் தாளத்தைக் கலைக்கத்தான்.

#12 லைவ்ஆக்சில்

ஒரே கட்டை ஆக்சில் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு: அங்கேயும் இறக்கினதுதான் குத்தம். கீழ் ஆர்ம் பின்னாலிருந்து முன்னால் மேல்நோக்கிப் போகணும். வண்டியை இறக்கினா முன் முனை தாழ்ந்து கோணம் தலைகீழாகும், டயரை ரோட்டுல அழுத்தறதுக்குப் பதிலா பின்பக்கம் சும்மா உட்காரும். ஆக்சில் பக்கத்துல ரீலொகேஷன் பிராக்கெட் போட்டு பின் முனையைக் கீழே இறக்குங்க. பிராக்கெட்ல ரெண்டு மூணு துளை இருக்கும். மேல் துளையிலேருந்து ஒவ்வொண்ணா. ஒரேயடியா கடைசித் துளைக்குப் போனா முதல் அடி பலமா விழுந்து அடுத்த நொடி டயர் பாரத்தை விட்டுடும், பிரேக் போடும்போதும் குதிக்கும். இந்த வகையில வலது பின்டயர்தான் வழக்கமா முதல்ல விடும், டிரைவ்ஷாஃப்ட் முறுக்கு ஆக்சிலோட அந்தப் பக்கத்தைத் தூக்கறதால.

#13 பின்தள்ளி

ஷாக் அட்ஜஸ்ட்மென்ட்? பின்னாடி எடை சேர்த்தா? பேட்டரியை டிக்கிக்கு மாத்தச் சொல்றாங்களே.

#14 கணக்குப்பிள்ளை

20 கிலோ பேட்டரியை 3 மீட்டர் பின்னால் நகர்த்தினால் பின் ஆக்சிலில் 22 கிலோ கூடும், 0.58 ஜி 0.60 ஆகும். செய்யலாம், ஆனால் தடித்த கேபிள், பேட்டரியை ஒட்டியே பெரிய ஃப்யூஸ், வாயு வெளியேறக் குழாய் மூன்றும் இல்லாமல் செய்யக்கூடாது. ஃப்யூஸ் இல்லாத கேபிள் உடம்புத் தகட்டில் உரசினால் தீதான்.

டிக்கியில் 100 கிலோ போட்டால் 0.62. புறப்பாட்டில் ஆறு சதவீதம் லாபம், மூன்றாவது கியரிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு நஷ்டம், பிரேக்கிலும் நஷ்டம். வேண்டாம்.

ஷாக்: முன்பக்க ரீபவுண்டை (ஷாக் நீளும்போது கொடுக்கிற எதிர்ப்பு) ரெண்டு மூன்று கிளிக் தளர்த்துங்கள், மூக்கு எழும்பி பாரம் சட்டென்று பின்னால் போகும். பின்பக்கத்தைக் கல்லாக இறுக்கிவைத்தால் மேடுபள்ளத்தில் டயர் தாவும். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்டயர் விட்டால் பின் ஆன்டிரோல் பாரை (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) ஒரு படி மென்மையாக்குங்கள்.

#15 ஸ்பேனர்14

உங்கள் வண்டிக்கு வரிசை: புஷ், மவுண்ட் சோதனையும் இன்செர்ட்டும், பிறகு கேம்பர், டோ, அடுத்து 200 டிரெட்வேர் டயர், அந்த டயரில் பதிவெடுத்து அதற்கேற்ற டார்க் எல்லை. எல்.எஸ்.டி.யைத் தொடவேண்டாம். காயில்ஓவர் இப்போதைக்கு வேண்டாம்.

புது ரப்பர் புஷ் போடுகிறவர் ஒன்றைக் கவனிக்கட்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்ம் போல்ட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். வண்டியை இறக்கினதும் எப்போதும் முறுக்கியே நிற்கும், சீக்கிரமே கிழியும். போல்ட்டைக் கையால் மட்டும் பிடிக்கவிட்டு, ஹப்புக்குக் கீழே ஜாக் கொடுத்து வண்டி நிற்கிற உயரத்துக்குத் தூக்கி, அதற்குப் பிறகு டார்க் ரெஞ்ச். அலைன்மென்ட் அதற்கும் பிறகு.